என்ன வேணும்

ஈசூனில் அறை காட்ட வந்த தரகர்
சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டார்:
"தம்பி, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

புதிய கேள்வியில்லை.
பெருங்குடியில் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.
கேஸ் ஏஜென்சியில் கேட்டார்கள்.
குடல்வால் வலியில் அவள் சுருண்டு கிடந்த இரவு
கையெழுத்துத் தாளை நீட்டியபடி ஒரு நர்ஸ் கேட்டாள்.
மாமன் மகள், அண்ணன் மச்சினி,
ஆபீஸில் ஒன்றாக வேலை.
இடத்துக்குத் தக்க ஓர் உறவை
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்
சில்லறை போல.

இங்கே அந்தச் சில்லறை செல்லவில்லை.

வேலை ஜெசிந்தாவுக்கு.
துறைமுகத்துப் பெட்டிகளைத் திரையில் அடுக்கி
கலைத்து, மறுபடி அடுக்கும் வேலை.
அட்டையில் அவள் முகம், அவள் எண்.
எனக்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
உறவு. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
கீழே இழுத்தேன். கணவர், மனைவி, பிள்ளை.
மேலே இழுத்தேன். பிள்ளை, மனைவி, கணவர்.
ஆறு வருஷத்துக்கு அதில் பெயரில்லை.

சேர்ந்து வாழ்ந்ததற்குத் தாள் ஏதும் உண்டா என்று
கம்பெனிப் பெண் பணிவாகக் கேட்டாள்.
தேடினோம்.
கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில்.
வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் மட்டும்;
இரண்டு பெயர் போட்டால் வம்பு என்றிருந்தார்.
படங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் அவள்.
எடுத்தவன் நான் என்பதற்கு
அவள் சிரிப்பு மட்டுமே சாட்சி.
ராத்திரி இரண்டு மணிக்குக் கிடைத்தது ஒன்று:
பூனையின் தடுப்பூசி அட்டை.
பெயர் புளிமூட்டை. நிறம் சாம்பல்.
உரிமையாளர் என்ற இடத்தில்
டாக்டர் எதுவும் கேட்காமல் எழுதியிருந்தார்
எங்கள் இரண்டு பெயரையும்
நடுவில் ஒரு கமா வைத்து.

ஸ்கேன் செய்து அனுப்பினோம்.
பதில் இல்லை.
சிரித்திருப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆகவே நான் சுற்றுலாப் பயணி.
சுற்றிப் பார்க்கிறேன்
பன்னிரண்டாம் மாடி ஜன்னலை,
அவள் ஈரத் துண்டை,
மீன் பொரிக்கக் கூடாது என்று
அடுப்புக்கு மேல் ஒட்டிய தாளை.
(தூத்துக்குடிக்காரி அதைப் பார்த்தபடியே
தயிர்சாதம் பிசைகிறாள்.)
இருபத்தெட்டாம் நாள் கிராஞ்சியில் பஸ் பிடிக்கிறேன்.
பாலத்தில் மோட்டார் சைக்கிள்களின் மழை.
ஜொகூரில் பூண்டு, சலவைத்தூள், ஒரு மணி நேரம்.
மறுபடி திரும்பி நிற்கும் நீண்ட வரிசை.

ஞாயிறென்றால் அவளும் வருவாள்.
அவள் கட்டைவிரலுக்குக் கதவு திறந்துவிடும்.
என் விரலை அதிகாரி இரண்டு முறை துடைக்கச் சொல்வார்.
"எத்தனை நாள்?"
"யாருடன் தங்குகிறீர்கள்?"
நண்பர் என்கிறேன்.
அவர் கேட்கும் மொழியில்
அந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான்.

தரகர் கேட்டது தமிழில்.
நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்,
அத்தை மகளா, ஆபீஸா என்று.
ஜெசிந்தா ஜன்னல் கொக்கியைத் திறந்து மூடிப் பார்த்தபடி
என் பக்கம் தலையை மட்டும் ஆட்டிச் சொன்னாள்:
"எனக்கு இவன் வேணும்."
"இல்லம்மா, என்ன வேணும்னு..."
"வேணும்ங்க. அவ்வளவுதான்."

சாவி சுழல்வது நின்றது.
"பேப்பர்ல உங்க பேர் மட்டும் போடறேன்.
இவர் விருந்தாளி.
விருந்தாளிக்கு மாசம் ஐம்பது வெள்ளி கூட."

கொடுக்கிறோம்.

இன்று கதவுக்கு அந்தப் பக்கம்
நகரும் படிக்கட்டின் கீழே நிற்கிறாள்.
ஆரஞ்சு உரித்து, தோலை எங்கே போடுவது என்று தெரியாமல்
கைப்பைக்குள் திணிக்கிறாள்.
பாஸ்போர்ட்டில் முத்திரைகூட இல்லை இப்போதெல்லாம்,
மின்னஞ்சல்தான் வரும்.
வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர்.
பையில் பூண்டு வாசனை.